சிங்கப்பூரில் ஒரு காக்டெய்ல் மாலை: முன்பதிவிலிருந்து பில் வரை

ஒரு காலத்தையோ இடத்தையோ சாயலாக வைத்து அலங்கரித்த தீம் பார்களில் குவளைக்குள் இருப்பதற்கு மட்டும் காசு போவதில்லை. கூரை உயரத்துக்கும் பித்தளை விளக்குக்கும் சேர்த்துத்தான் விலை. அதனால் கிளம்புமுன் ஒன்றை முடிவுசெய்துகொள்ள வேண்டும்: அறையைப் பார்க்கப் போகிறோமா, வயிறாரச் சாப்பிடப் போகிறோமா? இரண்டையும் ஒரே மேசையில் எதிர்பார்ப்பவர்கள்தான் பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் நடுநகரில் இடங்கள் நெருக்கமாக இருப்பதால் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது சுலபம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு இடங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, பீச் ரோட்டில் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். மற்றது, அங்கிருந்து நார்த் பிரிட்ஜ் ரோடு வழியே சுமார் பத்து நிமிட நடையில், பூகிஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை ஒட்டிய பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அட்லஸ் பார். இரண்டும் பேர்பெற்றவை. இரண்டிலும் நடந்துகொள்ள வேண்டிய முறை வேறு.

லாங் பார்: ஒரு குவளை, ஒரு மணி நேரம்

லாங் பாரின் அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்டம். கூரையில் பனையோலை விசிறிகள் வரிசையாக அசையும், மேசையில் சின்னச் சாக்கில் வேர்க்கடலை இருக்கும். உரித்த தோலைத் தரையிலேயே போடலாம். தெருவில் குப்பை போட்டால் அபராதம் விழும் ஊரில் இதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அந்தக் கால ரப்பர் தோட்டங்களில் மரத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இங்கே அலங்காரமாக வந்திருப்பது துரைமாரின் வராந்தா மட்டும்.

இங்கே முன்பதிவை நம்பாதீர்கள், வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். வார இறுதியில் மாலை 6 மணிக்குப் போனால் நீளமாக நிற்க வேண்டிவரும். வார நாளில் மதிய உணவுக்குப் பிறகு, 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் போவது நல்லது. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். கடலை கொறிக்கக் கிடைக்கும் என்றாலும் அது சாப்பாட்டுக்கு ஈடாகாது.

எல்லோரும் கேட்பது சிங்கப்பூர் ஸ்லிங். ஹோட்டலில் வேலை பார்த்த ஹைனானிய பார்டெண்டர் ஞியாம் தோங் பூன் 1915-ல் இதை உருவாக்கினார் என்பது ஹோட்டலின் கணக்கு. பார்டெண்டர்களின் உலகச் சங்கம் பதிந்திருக்கும் அளவு இது: ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் 15, கொயன்ட்ரோ 7.5, பெனடிக்டின் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் 10, கூடவே அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு ஒரு துளி. மேலே நிற்கும் இளஞ்சிவப்பு நுரை, அன்னாசிச் சாற்றை ஐஸோடு பலமாகக் குலுக்குவதால் வருவது. வேறு இடத்தில் தட்டையான, நுரையே இல்லாத ஸ்லிங் வந்தால், டப்பாச் சாற்றை ஊற்றிச் சும்மா கலக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ருசியில் இது பழரசம். போதையில் அப்படி இல்லை. மேலே உள்ள அளவுப்படி ஒரு குவளையில் சுமார் 17 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பத்து கிராமை ஓர் அளவு என்று வைத்தால் கிட்டத்தட்ட 1.7 அளவு. உடம்பு ஒரு மணி நேரத்தில் சமாளிப்பதோ ஏறக்குறைய ஓர் அளவுதான். இனிப்பு தெரிவதால் பத்து நிமிடத்தில் குடித்து முடித்து, அடுத்ததைக் கேட்பதுதான் இங்கே நடக்கும் பிழை. விலையும் 40 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி, அதற்கு மேல் வரிகள். ஒன்று போதும். இருவர் போனால் ஒருவர் ஸ்லிங், மற்றவர் வேறு ஏதாவது என்று கேட்டுப் பகிர்ந்து பார்க்கலாம். இனிப்பைக் குறைக்கச் சொல்வதென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள். பெரிய கூட்டத்துக்கு முன்கூட்டியே கலந்து வைத்த சேர்க்கையிலிருந்து ஊற்றும் இடங்களில் அதை மாற்ற முடியாது. இரவு உணவை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அட்லஸ்: இருக்கையும் நேரமும்

பார்க்வியூ ஸ்குவேர் 2002-ல் கட்டி முடிந்த கட்டடம்தான், ஆனால் 1920களின் ஆர்ட் டெகோ பாணியில் எழுப்பியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைக் காத்தம் பில்டிங் என்று கூப்பிடுவார்கள். அட்லஸ் 2017-ல் வந்தது. அதற்கு முன் இதே கூடத்தில் இருந்த வைன் பாரில் இறக்கை கட்டிய பெண்கள் கம்பியில் தொங்கி, உயர்ந்த அலமாரிக் கோபுரத்தின் மேலே போய் பாட்டில் எடுத்து வருவார்கள். இப்போது அந்தக் கோபுரத்தில் இருப்பது ஜின், 1,300 வகைக்கு மேல்.

இங்கே முன்பதிவு செய்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். பதிவுப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை சில. முதலாவது, எந்த இருக்கை என்பது. பார் மேடைமுன் உள்ள உயர நாற்காலி இருவருக்கு நன்றாக இருக்கும். பார்டெண்டரிடம் பேசலாம், வேலையைப் பார்க்கலாம். நான்கு பேர் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவருக்குப் பேச்சே எட்டாது. இரண்டாவது, எவ்வளவு நேரத்துக்கு மேசை என்பது. நடுநகரப் பார்களில் பெரும்பாலும் 90 நிமிடமோ 2 மணி நேரமோதான். 7 மணி மேசைக்கு 7.25-க்குப் போனால் அந்த 25 நிமிடம் உங்கள் கணக்கில்தான் கழியும். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. மூன்றாவது, கார்டு எண் கேட்டால் அது எதற்கு என்று படித்துவிடுங்கள். பல இடங்களில் வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் அதே விதி பொருந்தலாம். ஆறு பேருக்குப் பதிந்து நான்கு பேர் வந்தால் இருவருக்கான தொகை போய்விடும். ஞாயிறும் திங்களும் மூடும் பார்கள் நிறைய. அதையும் பதிவுசெய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் இத்தகைய கூடங்களில் அரைக்கால் சட்டைக்கும் ரப்பர் செருப்புக்கும் இடமில்லை. புடவை, சுடிதார், முழுக்கால் சட்டையோடு சட்டை எல்லாம் சரி. குளிர் ஒரு பெரிய விஷயம்: உயரக் கூடங்களில் ஏசி காற்று கீழே வந்து இறங்கும், அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நடுக்கம் வரும். ஒரு சால்வை கையில் இருக்கட்டும். மதுவுக்கு வயது வரம்பு 18. இளமையாகத் தெரிபவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள், வெளிநாட்டவர் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும். இ-சிகரெட்டை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

விலைப்பட்டியலில் ++

பட்டியலில் 26++ என்று இருந்தால் நீங்கள் கட்டப்போவது 26 அல்ல. முதல் கூட்டல் குறி 10% சேவைக் கட்டணம். இரண்டாவது 9% பொருள் சேவை வரி, அதுவும் சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல். அதனால் பெருக்க வேண்டிய எண் 1.199. மனக்கணக்குக்கு 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 26 வெள்ளி காக்டெய்ல் 31.17.

இருவருக்கு ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். காக்டெய்ல் நான்கு, தலா 26: 104. சிறு தட்டுகள் மூன்று, தலா 20: 60. பகிர்ந்துகொள்ள ஒரு பெரிய தட்டு 42, இனிப்பு ஒன்று 16. மொத்தம் 222. சேவைக் கட்டணத்தோடு 244.20. வரியோடு 266.18. பட்டியலைப் பார்த்து 222 என்று நினைத்து வந்தவருக்கு அந்த 44 வெள்ளி கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும். தண்ணீரிலும் கவனம் வேண்டும்: "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா" (சாதா பாட்டில் நீரா, வாயு கலந்ததா) என்று கேட்டால் இரண்டுமே காசு. குழாய் நீர் குடிக்கத் தகுந்தது, கேட்டால் பல இடங்களில் தருவார்கள். சில இடங்கள் வடிகட்டிய நீருக்குத் தலைக்கு ஒரு தொகை போடும்.

டிப்ஸ் இங்கே வழக்கமில்லை. சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருக்கிறது.

என்ன குடிப்பது, எந்த வரிசையில்

தீம் பார்களின் மெனு பெரும்பாலும் கதைப் புத்தகம் மாதிரி இருக்கும். பானத்தின் பெயர் ஒன்றும் சொல்லாது. பெயரை விட்டுவிட்டு அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள், மூன்று விஷயம் தெரிந்தால் போதும். அடிப்படை மது எது: ஜின், ரம், விஸ்கி, டெக்கீலா. புளிப்பு தருவது ஏதாவது இருக்கிறதா: எலுமிச்சை, புளி, வினிகர். பரிமாறும் குவளை எது: உயரமான குவளையில் வருவதில் சோடாவோ சாறோ கலந்திருக்கும்; காம்பு வைத்த சிறு குவளையில் ஐஸ் இல்லாமல் வருவது பெரும்பாலும் தீவிரமானது.

தீவிரத்தை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். 60 மி.லி. ஜின்னில் செய்த மார்ட்டினியில் 20 கிராமுக்கு மேல் ஆல்கஹால், மொத்த அளவோ 100 மி.லி.க்கு உள்ளேதான். ஜின், கம்பாரி, சிவப்பு வெர்மூத் தலா 30 மி.லி. சேரும் நெக்ரோனியில் சுமார் 19 கிராம். 45 மி.லி. ரம் போட்ட மொஹீட்டோவில் 14 கிராம். அப்பெரோல் ஸ்பிரிட்ஸில் 13 கிராம். ஆக, குவளையின் அளவை வைத்து எடைபோட்டால் தலைகீழாகப் போய்விடும்.

வரிசை இப்படி: சோடா கலந்த லேசானதில் தொடங்கி, அதோடு முதல் தட்டுகளைச் சாப்பிட்டு, பிறகுதான் கலக்கி வரும் தீவிர வகைக்குப் போவது. மார்ட்டினியில் தொடங்கினால் அதன்பின் வரும் எதுவும் நீர்த்ததாகத் தோன்றும், வயிறும் காலியாக இருக்கும். ஆனால் அட்லஸில் மார்ட்டினியைத் தவறவிடக் கூடாது, அந்த இடமே அதற்குத்தான். அப்படியானால் அதை இரண்டாவதாக வையுங்கள். வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐஸ் இல்லாத பானம் 15 நிமிடத்தில் சூடேறிவிடும், சூடேறிய ஜின்னில் எரிச்சல் மட்டும்தான் மேலே வரும். ஐஸோடு வருவதற்கு நேர்மாறான பிரச்சினை: அரை மணி தாண்டினால் தண்ணீராகிவிடும்.

பட்டியலில் எதுவும் பிடிபடவில்லை என்றால் பார்டெண்டரிடம் "ஏதாவது நல்லதா கொடுங்க" என்று கேட்காதீர்கள். "ஜின், புளிப்பு அதிகம், இனிப்பு குறைவு, லேசானது" என்று நான்கு சொல்லில் சொல்லுங்கள், சரியானது வரும். விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்; பட்டியலுக்கு வெளியே போவது சில நேரம் கூடுதலாகும், அதிலும் ஜின்னின் பெயரை நீங்களே சொன்னால் ஒரு குவளை எங்கேயோ போய்விடும். முதல் மிடறிலேயே கேட்டதற்கு மாறாக இருந்தால் உடனே சொல்லலாம், சரிசெய்வார்கள். பாதி குடித்தபிறகு சொன்னால் எடுபடாது.

மது வேண்டாம் என்பவருக்கு இங்கே குறை இல்லை. ஆல்கஹால் இல்லாத பகுதி என்று மெனுவில் தனியாகவே இருக்கும். ஒரு துளியும் கூடாது என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மாக்டெய்ல்" என்று மட்டும் சொன்னால் சிலர் மணத்துக்கு பிட்டர்ஸ் சொட்டுவிடுவார்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7%. புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவிலும் சிறிதளவு இருக்கும். ஹலால் பார்ப்பவர்களுக்கு: மது பரிமாறும் கடைகளுக்கு முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் கிடைக்காது. எனவே அட்லஸ் போன்ற இடங்களில் அதைத் தேட வேண்டாம்.

தட்டில் என்ன, குவளையில் ஒளிந்திருப்பது என்ன

பார் உணவு பகிர்ந்து சாப்பிடும் சிறு தட்டுகள். நான்கு பேருக்கு ஐந்து சிறு தட்டும் இரண்டு பெரிய தட்டும் போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஆர்டர் செய்தால் பத்து நிமிடத்தில் மேசை நிரம்பி, பாதி ஆறிப்போகும். முதலில் மூன்று, பின்னர் மற்றவை. ஆனால் கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுக்களை பாரைவிட முன்னதாக மூடிவிடும்.

சைவர்கள் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. "இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று விரித்துச் சொல்லுங்கள். காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறு சேர்ப்பதும், சூப்பில் கோழிக் கொதிநீர் ஊற்றுவதும் இங்கே சாதாரணம். பலரும் மறப்பது குவளையை. விஸ்கி சவர், பிஸ்கோ சவர் போன்றவற்றின் வெண்ணுரை முட்டையின் வெள்ளைக்கரு. ப்ளடி மேரியில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும் மில்க் பஞ்ச் பாலில் திரித்து வடிகட்டியது, பால் ஒவ்வாமை உள்ளவர் தொடக் கூடாது. மை டாயில் சேரும் ஓர்ஷா பாதாமில் செய்த சர்க்கரைப் பாகு. கொழுப்பில் ஊறவைத்து மணமேற்றிய விஸ்கி என்றால் அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு அல்லது வாத்துக் கொழுப்பு. இவற்றைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள், நாம் கேட்க வேண்டும்.

காரத்தோடு மார்ட்டினி சேராது. ஆல்கஹாலே நாக்கில் எரிச்சலைத் தூண்டும். மிளகாய்க் காரம் அதில் கரைந்து வாயெல்லாம் பரவும். காரமான தட்டு வந்தால் கையில் சோடா கலந்த, கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் உள்ளது இருக்கட்டும். ஜின்னும் டானிக்கும் வறுவலோடு நன்றாகப் போகும். கசப்பான நெக்ரோனிக்கு சீஸ், ஆலிவ் போன்ற உப்புத் தட்டுகள் சரி.

நம் பக்கத்துச் சுவை குவளைக்குள் எப்படி வருகிறது என்று பார்க்க விரும்பினால் அமோய் ஸ்ட்ரீட்டில் விஜய் முதலியார் 2016-ல் தொடங்கிய நேட்டிவ் பக்கம் போகலாம். இறக்குமதி மதுவைத் தள்ளிவைத்து, இலங்கைச் சாராயம் உட்பட இந்த வட்டாரத்து மதுவையும் இலைதழைகளையும் வைத்துத் தொடங்கிய இடம் அது. அது வேறொரு நாளுக்கு. ஒரே மாலையில் மூன்று பார் வேண்டாம்.

பில்லும் வீடு திரும்பலும்

பில்லைப் பிரிக்க வேண்டும் என்றால் உட்காரும்போதே சொல்லுங்கள். சமமாக மூன்று கார்டில் போடுவது எளிது, யார் எதைக் குடித்தார் என்று பிரிப்பதைப் பல இடங்கள் செய்யா. பில் வந்ததும் குவளைகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கேட்காமல் மேசைக்கு வந்த கடலை, ஊறுகாய், ஈரத்துண்டு சில உணவகங்களில் காசாகும். தொடாமல் வைத்திருந்தால் நீக்கச் சொல்லலாம். இந்தியக் கார்டை நீட்டினால் இயந்திரம் "ரூபாயிலா, வெள்ளியிலா" என்று கேட்கக்கூடும். வெள்ளி என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் கடைக்காரர் பக்கத்து மாற்று விகிதம் விழும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

இரவு உணவைப் பிரித்து வைப்பது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு நேரக் கணக்கு: 4 மணிக்கு லாங் பார், 6 மணிக்கு அட்லஸில் இரண்டு சிறு தட்டும் ஒரு மார்ட்டினியும், 8 மணிக்கு பூகிஸில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ரோச்சோர், அதற்கடுத்தது லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோட்டில் இருவர் வயிறாரச் சாப்பிட்டாலும் அட்லஸின் ஒரு காக்டெய்ல் விலையில் முடிந்துவிடும். ஆனால் கையில் பாட்டிலோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை சிங்கப்பூர் முழுதும் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுநேரத் தடை.

காரில் வந்திருந்தால் ஓட்டாதீர்கள். மூச்சில் 100 மி.லி.க்கு 35 மைக்ரோகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, இரண்டு காக்டெய்ல் அதைத் தாண்டவைக்கலாம். கடைசி எம்ஆர்டி நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். 12 மணிக்கு மேல் மீட்டர் டாக்சியில் 50% கூடுதல் கட்டணம் ஏறும், கிராப் செயலியில் கூப்பிடும் காரிலும் பார்கள் மூடும் நேரத்தில் விலை எகிறும். 11.30-க்கு மேசையை விட்டு எழுந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம்.